சங்கிலி திரும்பி வந்தது, கூடவே நெத்திலி வறுவலும் வந்தது

வாசகியின் கடிதம்

வட சென்னையில் பிறந்து வளர்ந்து, இப்போது கொளத்தூரில் வசிக்கும் 46 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். (அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) பொதுத்துறை வங்கி ஒன்றில் அதிகாரி. கணவரும் கல்லூரியில் படிக்கும் ஒரு மகளும் இருக்கிறார்கள். 1993இல் ராயபுரத்தில் அரசு உதவி பெறும் பெண்கள் பள்ளி ஒன்றில், ஒன்பதாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த தோழியோடு இன்றுவரை நட்பு நீடிக்கிறது. தோழி காசிமேட்டுக்காரர். 1995இல் பத்தாம் வகுப்பை முடித்த கையோடு தந்தை இறந்துவிட, படிப்பை நிறுத்திவிட்டுத் தாயாருடன் மீன் வியாபாரத்தில் இறங்கியவர்.

1996இல் பெரம்பூர் பின்னி ஆலை மூடப்பட்டபோது வாசகியின் தந்தை வேலையை இழந்தார். வாசகி அப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தார். பொதுத்தேர்வுக் கட்டணத்தை மீன் விற்ற காசிலிருந்து கட்டியவர் அந்தத் தோழி. அடுத்த ஆண்டு கல்லூரியில் சேரப் பணம் போதாதபோது, காதில் கிடந்த கம்மலைக் கழற்றிச் சேட்டுக் கடையில் அடகு வைத்துக் கொடுத்தவரும் அவரே. அதை மீட்க அவருக்கு ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. தந்தை வேலையின்றி இருந்த காலத்தைப் பற்றிப் பேசக் கூச்சமாக இருந்ததால், இந்தக் கம்மல் கதையை வாசகி தன் கணவரிடம்கூடச் சொன்னதில்லை.

சில மாதங்களுக்கு முன் வாசகிக்குக் கர்ப்பப்பை அகற்றும் அறுவை சிகிச்சை நடந்தது. 'அவளுக்கு ஏற்கெனவே ஆயிரம் வேலை, எதற்கு அலைய வைக்க வேண்டும்' என்று தோழியிடம் சொல்லவில்லை. ஒரு மாதம் கழித்து, மகள் வாய்தவறிச் சொல்லித்தான் அவருக்குத் தெரிந்தது. பிறகு வாசகிக்குப் பதவி உயர்வு வந்தது. மூன்று சவரனில் ஒரு சங்கிலி வாங்கித் தோழியின் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார். "இன்னாடி, கூலி குடுக்க வந்தியா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாராம் தோழி. வற்புறுத்தியதால் வாங்கி வைத்துக்கொண்டவர், அடுத்த வாரம் வாசகியின் மகளிடம் அதைத் திருப்பிக் கொடுத்து அனுப்பிவிட்டார். "வெளியாளுக்கு மூன்று சவரனா?" என்று கணவர் கேட்டது தனி வருத்தம்.

இதற்கிடையில், மீன் ஏற்றக் குட்டியானை (சிறு சரக்கு வண்டி) வாங்க விரும்பும் தோழியின் 24 வயது மகனிடம், கடனுக்குத் தானே ஜாமீன் கையெழுத்துப் போடுவதாக வாசகி வாக்குக் கொடுத்திருக்கிறார். இது கணவருக்கும் தெரியாது, தோழிக்கும் தெரியாது. தன் காப்பீட்டுப் பாலிசியில் தோழியை நாமினியாகப் போடலாமா என்றும் யோசிக்கிறார். "அவளுக்கு நான் பட்ட கடனை எப்படித்தான் அடைப்பது? என் படிப்பு அவள் படிப்பைத் தின்றுவிட்டது. அவள் கோபமாக இருக்கிறாளா? இத்தனை ஆண்டுகளில் அவளைப் போல இன்னொருத்தி எனக்கு ஏன் கிடைக்கவில்லை?" என்பன அவருடைய கேள்விகள்.

ஆலோசகரின் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் நீண்ட கடிதத்தில் சங்கிலியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறீர்கள். என்ன டிசைன், எந்தக் கடை, அவர் அதைக் கையில் வாங்கியபோது முகம் எப்படி இருந்தது என்பதுவரை எல்லாம் இருக்கிறது. ஆனால் அது திரும்பி வந்த நாளைப் பற்றி எழுதும்போது, போகிற போக்கில் ஒரு வரி வருகிறது: "பையில் நகைப் பெட்டியும் ஒரு தூக்கில் நெத்திலி வறுவலும் இருந்தன." அடுத்த வரியிலேயே மறுபடி சங்கிலிக்குப் போய்விடுகிறீர்கள். என் கண் அந்தத் தூக்கிலேயே நின்றுவிட்டது.

நெத்திலி வறுப்பது எவ்வளவு வேலை என்று உங்களுக்குத் தெரியும். விரல் நீளம்கூட இல்லாத மீனை ஒவ்வொன்றாகத் தலை கிள்ளி, குடல் எடுத்து, மண் போக நாலு தண்ணீரில் அலச வேண்டும். விடியுமுன் ஏலத்துக்குப் போய், பொழுது சாயும்வரை உட்கார்ந்து விற்றுவிட்டு வீட்டுக்கு வருகிற ஒரு பெண், அன்றைக்கும் அடுப்பின் முன் நின்று இதை உங்களுக்காகச் செய்திருக்கிறார். உறவை முறித்துக்கொள்ள நினைப்பவர் பெட்டியை மட்டும் அனுப்புவார். எனவே, அவர் கோபமாக இருக்கிறாரா என்ற உங்கள் கேள்விக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். அவர் உங்களை விட்டு விலகவில்லை. ஆனால் அவர் மனத்தில் ஏதோ புண்பட்டிருக்கிறது என்றுதான் நானும் நினைக்கிறேன். அதற்குச் சங்கிலிதான் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

சங்கிலி ஏன் திரும்பி வந்தது

மனித உறவுகளில் கொடுப்பதும் வாங்குவதும் எப்படி நடக்கின்றன என்பது பற்றி மார்கரெட் கிளார்க், ஜட்சன் மில்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் 1979இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, எங்கள் துறையில் இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. ஒருவர் செய்ததற்கு ஈடாக மற்றவர் செய்வது ஒரு வகை உறவு. வியாபாரமும் புதிய அறிமுகங்களும் அந்த வகையைச் சேர்ந்தவை. அங்கே உடனுக்குடன் பதில் செய்தால் மதிப்புக் கூடும். எதிரில் இருப்பவருக்கு என்ன தேவை என்று பார்த்துச் செய்வது இன்னொரு வகை. குடும்பமும் நெருங்கிய நட்பும் அந்த வகை. அங்கே பெற்றதற்குச் சரிசமமாகத் திருப்பிக் கொடுத்தால் நெருக்கம் கூடுவதற்குப் பதிலாகக் குறைந்துவிடுகிறது. 'இவள் என்னை எந்த வகையில் வைத்திருக்கிறாள்' என்ற சந்தேகத்தை அந்தத் திருப்பிக் கொடுத்தல் எழுப்பிவிடுவதே காரணம்.

இதற்கு ஆய்வுகூடத் தேவையில்லை. பக்கத்து வீட்டிலிருந்து குழம்பு வந்த பாத்திரத்தை நாம் வெறும் பாத்திரமாகத் திருப்பிக் கொடுப்பதில்லை, ஏதாவது வைத்துத்தான் கொடுக்கிறோம். ஆனால் அதே குழம்பை, அதே அளவில், அன்று மாலையே வைத்துக் கொடுத்தால் அந்த வீட்டுப் பெண்மணி என்ன நினைப்பார்? நீங்கள் செய்தது ஏறத்தாழ அதுதான். அவர் தங்கத்தைக் கழற்றிக் கொடுத்தார், நீங்கள் தங்கம் வாங்கிக் கொடுத்தீர்கள். கம்மலுக்குச் சங்கிலி. நடுவில் 28 ஆண்டுகள் ஓடியிருந்தாலும், அது வட்டியும் முதலும் சேர்த்துத் திருப்பிச் செலுத்தியது போலவே இருக்கிறது. உங்கள் தோழியோ நாள்தோறும் கடன் சொல்லி மீன் எடுத்து, விற்றுக் கணக்குக் கொடுத்துப் பழகியவர். ஒருவரோடு கணக்கை முழுவதுமாக முடிப்பது எப்போது என்று வியாபாரிக்குத் தெரியும்: இனிமேல் அவரோடு வரவு செலவு இல்லை என்னும்போது. "கூலி குடுக்க வந்தியா" என்று அவர் சிரித்துக்கொண்டு கேட்டதில் ஒரு கேள்வியும் இருந்தது. அதற்கு நீங்கள் பதில் சொல்லவில்லை, சங்கிலியைக் கையில் திணித்தீர்கள்.

சொல்ல மறந்துவிட்டேன், அந்தத் தூக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டீர்களா? உங்கள் கடிதத்தில் அது பற்றி ஒன்றும் இல்லை. இன்னும் உங்கள் சமையலறையில்தான் இருக்கிறது என்றால் நல்லது. அவர் வீட்டுக்குப் போக உங்களுக்கு ஒரு காரணம் கையிலேயே இருக்கிறது.

அறுவை சிகிச்சையைச் சொல்லாமல் விட்டது

உங்கள் கடிதத்தைத் தேதி வாரியாக எழுதி வைத்துப் பார்த்தேன். முதலில் அறுவை சிகிச்சை. ஒரு மாதம் கழித்து அது தோழிக்குத் தெரிய வருகிறது. பிறகு பதவி உயர்வு, பிறகு சங்கிலி. நீங்கள் இவற்றைத் தனித்தனி நிகழ்ச்சிகளாக எழுதியிருக்கிறீர்கள். அவர் பக்கத்திலிருந்து பார்த்தால் இவை ஒரே கதையாக இருக்கக்கூடும்: வலியில் கிடந்தபோது என்னைக் கூப்பிடவில்லை, வசதி வந்தபோது நகையோடு வருகிறாள்.

இது என் ஊகம்தான். ஒருவருடைய கடிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு இன்னொருவர் மனத்தை முழுவதும் அறிந்துவிட முடியாது. ஆனாலும் இந்த ஊகத்துக்கு வலுவான இடம் இருக்கிறது. நீங்கள் இருவரும் வளர்ந்த தெருக்களில், ஸ்டான்லி மருத்துவமனையில் ஒருவர் படுத்திருக்கிறார் என்றால் கூட இருப்பவர் என்று ஒருவர் போகாமல் இருந்ததில்லை. வராந்தாவில் பாய் விரித்துப் படுப்பதும், வெந்நீர் பிளாஸ்கோடு வார்டு வாசலில் நிற்பதும், மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு ஓடுவதும்தான் அங்கே உறவின் அடையாளம். அதை 'அலைச்சல்' என்று பெயரிட்டு அவரைக் காப்பாற்றியதாக நீங்கள் நினைக்கிறீர்கள். அவரோ, தனக்கு இருந்த உரிமை ஒன்று தன்னைக் கேட்காமலே பறிக்கப்பட்டதாக உணர்ந்திருக்கலாம். உங்களிடம் பணம் இல்லாதபோது அவர் தேவைப்பட்டார். பணம் வந்த பிறகு, தனியார் மருத்துவமனை அறையில் அவருக்கு இடமில்லாமல் போயிற்று. உங்கள் மனத்தில் அப்படி ஓர் எண்ணம் துளியும் இல்லை என்பதை நான் நம்புகிறேன், ஆனால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது அப்படித்தான் தெரியும்.

ஆகவே சங்கிலியைப் பற்றிப் பேசுவதற்கு முன் இதைப் பேசுங்கள். தொலைபேசியில் வேண்டாம், நேரில் பேசுங்கள். உங்கள் இருவருக்கும் உரிய பேச்சிலேயே சொல்லுங்கள்: "ஆபரேஷன் அன்னிக்கு உன்ன கூப்புடாதது தப்புடி. பயமாத்தான் இருந்துச்சு. உன்னத்தான் நெனச்சுக்கினு இருந்தேன், ஆனா கூப்புடல." இவ்வளவு போதும். 'உன்னை அலைய வைக்க வேண்டாம் என்றுதான்' என்று தொடங்கினால் மன்னிப்பு வாதமாகிவிடும். அவர் திட்டுவார், அநேகமாக நன்றாகவே திட்டுவார். குறுக்கே பேசாமல் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிறகு அவரிடம் ஏதாவது ஒன்றைக் கேளுங்கள். உங்கள் கடிதத்தில் கடந்த பத்தாண்டுகளாக நீங்கள் கொடுத்தவை வரிசையாக வருகின்றன: பிள்ளைகளுக்குப் புத்தகம், தீபாவளிக்குப் புடவை, வங்கி வேலைகளுக்கு உதவி. நீங்கள் அவரிடம் கேட்டு வாங்கிய ஒன்றுகூட இல்லை. கொடுப்பவராக மட்டுமே இருப்பது வசதியான இடம், அந்த இடத்தில் இருப்பவருக்குத் தலை குனிய வேண்டிய தேவையே வராது. அடுத்த பரிசோதனைக்கு மருத்துவமனைக்குப் போகும்போது துணைக்கு வரச் சொல்லுங்கள். வர முடியாத நாளாக இருந்தால் அவரே சொல்லுவார், அதை முடிவு செய்யும் உரிமையை அவரிடமே விட்டுவிடுங்கள்.

உங்கள் படிப்பு அவர் படிப்பைத் தின்னவில்லை

இந்த வரியை நீங்கள் பல ஆண்டுகளாக மனத்துக்குள் சொல்லிச் சொல்லியே உண்மையாக்கிவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். உங்கள் கடிதத்தில் உள்ள ஆண்டுகளே அதை மறுக்கின்றன. அவர் பள்ளியை விட்டது 1995இல், தந்தை இறந்ததால். உங்கள் வீட்டில் வருமானம் நின்றது 1996இல். அவர் உங்களுக்காகப் படிப்பை விடவில்லை. படிப்பை விட்ட பிறகும், உங்கள் படிப்பு நின்றுவிடக் கூடாது என்று பார்த்துக்கொண்டார். இரண்டும் ஒன்றல்ல. முதலாவதாக இருந்தால் நீங்கள் குற்றவுணர்வு கொள்ளலாம். இரண்டாவது நன்றிக்கு உரியது, குற்றவுணர்வுக்கு அதில் இடமில்லை.

இன்னொன்றையும் தயங்கித் தயங்கியே சொல்கிறேன். அவருடைய வாழ்க்கையைப் பற்றி எழுதும்போதெல்லாம் 'பாவம்' என்ற சொல் உங்கள் பேனாவில் வந்துவிடுகிறது. ஆனால் நீங்கள் தரும் விவரங்களில் நான் காண்பது வேறொருவர். கூடை தூக்கித் தெருத்தெருவாக விற்கத் தொடங்கியவர், இன்று சொந்தமாக ஒரு கடை வைத்திருக்கிறார், இரண்டு பெண்களுக்கு வேலை கொடுத்திருக்கிறார், மகனைப் பட்டயப் படிப்புவரை படிக்க வைத்திருக்கிறார். செவுளைத் தூக்கிப் பார்த்த மாத்திரத்தில் மீன் எப்போது பிடிபட்டது என்று சொல்லிவிடுவார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இதற்குப் பெயர் தோல்வி என்றால் எனக்கு விளங்கவில்லை. பதினெட்டு வயதில் தன் கம்மலை வைத்து ஒரு தோழியைக் கல்லூரிக்கு அனுப்பினேன் என்பது, அவர் வாழ்வில் அவர் மிகவும் பெருமைப்படும் செயலாக இருக்கலாம். அதை ஒரு கடனாக்கி நீங்கள் அடைத்துவிட்டால், அந்தப் பெருமைக்கு என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

நன்றியை வாயால் சொல்வது

"எங்களுக்குள் நன்றி சொன்னால் செயற்கையாக இருக்கும்" என்று எழுதியிருக்கிறீர்கள். பலரும் சொல்வதுதான். நம் வீடுகளில் மனைவிக்கோ தாய்க்கோ நன்றி சொல்வதையே ஏதோ நாடக வசனம் போலப் பார்க்கிறோம். அமித் குமார், நிக்கோலஸ் எப்லி என்ற ஆய்வாளர்கள் 2018இல் இதைச் சோதித்து வெளியிட்டார்கள். தங்கள் வாழ்வில் உதவிய ஒருவருக்கு நன்றிக் கடிதம் எழுதச் சொல்லி, அதைப் பெறுபவர் எப்படி உணர்வார் என்று எழுதியவர்களிடமே முன்கூட்டிக் கேட்டார்கள். பிறகு பெற்றவர்களிடம் கேட்டார்கள். எழுதியவர்கள் பயந்த அளவுக்குப் பெற்றவர்களுக்குச் சங்கடம் இருக்கவில்லை. எழுதியவர்கள் எதிர்பார்த்ததைவிட அவர்களுக்கு வியப்பும் மகிழ்ச்சியும் அதிகமாக இருந்தன. சரியான சொற்கள் கிடைக்குமா என்று எழுதுகிறவர் கவலைப்படுகிறார், படிக்கிறவரோ அதிலுள்ள அன்பைத்தான் பார்க்கிறார்.

எனவே எழுதுங்கள். கையால், தமிழில், ஒரு தாளில். வாட்ஸ்அப்பில் ரோஜாப்பூப் படத்தோடு வேண்டாம் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். 'நீ செய்ததை என்றும் மறவேன்' என்ற வகை வாக்கியங்களும் வேண்டாம், அவை யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும். கம்மலை அடகு வைத்தது அவருக்குத் தெரியும், அவர்தான் வைத்தார். அவருக்குத் தெரியாதது அதன் மறுபக்கம்: அந்தப் பணத்தோடு கல்லூரி அலுவலக வரிசையில் நின்றபோது உங்களுக்கு என்ன தோன்றியது, ரசீதை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்ததும் உங்கள் தந்தை என்ன சொன்னார், முதல் சம்பளம் வாங்கிய அன்று உங்கள் நினைவில் வந்தவர் யார். அவர் செய்த செயல் உங்களுக்குள் எங்கெல்லாம் போயிற்று என்பதை உங்களைத் தவிர யாராலும் அவருக்குச் சொல்ல முடியாது. அதைச் சொல்லுங்கள். பிள்ளைகள் முன்னிலையில் படித்துக் காட்ட வேண்டாம், கையில் கொடுத்துவிட்டு வாருங்கள். அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் போனாலும் கவலைப்படாதீர்கள்.

ஜாமீன், நாமினி, சங்கிலி: மூன்று எச்சரிக்கைகள்

இவை சட்டம் சார்ந்தவை. இறுதி முடிவுக்கு முன் ஒரு வழக்கறிஞரையோ ஆடிட்டரையோ கேட்டுக்கொள்ளுங்கள். பொதுவான நிலையை மட்டும் சொல்கிறேன்.

ஜாமீன். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆவது பிரிவின்படி, ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமமானது. கடன் வாங்கியவரிடம் எல்லா வழிகளிலும் வசூலிக்க முயன்று தோற்ற பிறகுதான் உங்களிடம் வர வேண்டும் என்ற கட்டாயம் வங்கிக்கு இல்லை. தவணை தவறினால், உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையும் பாதிக்கப்படும். இவற்றையெல்லாம் வங்கி மேசையின் மறுபக்கத்தில் அமர்ந்து நீங்களே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருப்பீர்கள். வங்கி அதிகாரி ஒருவர் தனிப்பட்ட முறையில் இன்னொருவர் கடனுக்குப் பொறுப்பேற்கப் பணி விதிகளின்படி முன் அனுமதி தேவைப்படலாம் என்பதும் உங்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் வாக்குக் கொடுத்தீர்கள் என்றால், கையெழுத்துப் போட முன்வந்தது உங்கள் குற்றவுணர்வுதான். எல்லாவற்றையும்விட எனக்குக் கவலையளிப்பது, இது அந்தத் தாய்க்குத் தெரியாமல் நடப்பது. நாளை ஒரு தவணை தவறினால், முப்பதாண்டு நட்புக்கு நடுவில் ஒரு வங்கி நோட்டீஸ் வந்து நிற்கும். 2015இல் தொடங்கிய முத்ரா திட்டத்தில், சிறு சரக்கு வாகனம் வாங்கித் தொழில் செய்யப் பிணையம் கேட்காமல் 10 லட்சம் ரூபாய்வரை கடன் பெற வழி இருக்கிறது. விண்ணப்பம், வாகன விலைப்பட்டியல், வருமான மதிப்பீடு ஆகியவற்றைச் சரியாகத் தயாரிக்க அந்தப் பையனுக்கு உதவுங்கள். அந்த உதவியை உங்களைவிட நன்றாக யாரும் செய்ய முடியாது. ஜாமீன் பேச்சை அவனிடம் வெளிப்படையாகத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள், தாயிடமும் சொல்லுங்கள்.

நாமினி. நாமினி என்பவர் தொகையைப் பெற்றுக்கொள்பவர் மட்டுமே, அதன் உரிமையாளர் அல்லர் என்று உச்ச நீதிமன்றம் 1983இலேயே சொல்லிவிட்டது. ஆனால் காப்பீட்டுச் சட்டத்தில் 2015ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தத்தின்படி, பெற்றோர், வாழ்க்கைத் துணை, பிள்ளைகள் ஆகியோர் நாமினியாக இருந்தால் தொகை அவர்களுக்கே சொந்தமாகும். தோழி அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே உங்கள் காலத்துக்குப் பிறகு அவர் பணத்தை வாங்கி உங்கள் கணவரிடமும் மகளிடமும் கொடுக்க வேண்டிய நிலைதான் வரும், நடுவில் சச்சரவும் வரலாம். நீங்கள் இல்லாதபோது அவரை அந்தச் சங்கடத்தில் நிறுத்துவானேன்?

சங்கிலி. வருமான வரிச் சட்டத்தில் உறவினர் என்பதற்கு ஒரு பட்டியல் உண்டு, அதிலும் நட்புக்கு இடமில்லை. உறவினர் அல்லாதவரிடமிருந்து ஓர் ஆண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள நகை பரிசாக வந்தால், அதன் முழு மதிப்பும் பெற்றவரின் வருமானமாகக் கருதப்படும். இன்றைய விலையில் ஒரு சவரனே அந்த வரம்பைத் தாண்டிவிடுகிறது. அவருடைய மொத்த வருமானம் வரிவரம்புக்குள் இருந்தால் வரி வராமல் போகலாம், ஆனாலும் விதி இதுதான். மணமக்களுக்குத் திருமணத்தை ஒட்டி வரும் பரிசுக்கு விலக்கு உண்டு. அவர் மகன் திருமணத்தின்போது பெரியம்மா முறையில் நின்று நீங்கள் சீர் செய்தால் சட்டமும் கேள்வி கேட்காது, தோழியும் கூலி என்று சொல்ல மாட்டார். அதுவரை சங்கிலி உங்களிடமே இருக்கட்டும். விற்றுவிட வேண்டாம், செய்கூலியும் சேதாரமும் போனதுதான் மிச்சமாகும்.

இவ்வளவு சொன்ன பிறகு, சட்டத்தில் தோழிக்கு எங்குமே இடமில்லை என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. என் துறை சார்ந்த 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தில், மனநோய்க்கான சிகிச்சையின்போது தன் சார்பில் நிற்கும் பிரதிநிதியாக, வயது வந்த எவரையும் ஒருவர் வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்திட்டு நியமிக்கலாம். அவர் இரத்த உறவாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை.

உங்கள் கணவர் சொன்னது

'வெளியாள்' என்று அவர் சொன்னது உங்களைச் சுட்டிருக்கிறது. ஆனால் அவருக்குக் கம்மல் கதையே தெரியாதே! தேர்வுக் கட்டணமும் தெரியாது. அவர் அறிந்தவரை, மனைவியின் பள்ளித் தோழி ஒருவருக்கு மூன்று சவரன் போகிறது, அவ்வளவுதான். அந்த நிலையில் யாராக இருந்தாலும் கேட்டிருப்பார்கள். ஆலை மூடப்பட்டதால் வேலை இழந்த ஆயிரக்கணக்கானோரில் ஒருவர் உங்கள் தந்தை. அதில் மறைக்க என்ன இருக்கிறது? கணவரிடம் முழுவதையும் சொல்லுங்கள், ஜாமீன் வாக்குறுதி உட்பட. அது வேறு யார் வழியாகவாவது அவருக்குத் தெரியவந்தால், அவர் கோபம் உங்கள் மீது நிற்காமல் தோழியின் மீதும் பாயும். முடிந்தால் தோழியின் வீட்டுக்கு ஒருமுறை அவரையும் அழைத்துச் செல்லுங்கள். இத்தனை ஆண்டுகளில் அவர் அந்த வீட்டுக்குப் போனதே இல்லை என்று நீங்கள் எழுதியிருப்பது எனக்கு வியப்பாக இருந்தது.

இன்னொரு தோழி ஏன் கிடைக்கவில்லை

இதில் உங்கள் குறை ஒன்றுமில்லை. வெறும் அறிமுகம் நெருங்கிய நட்பாக மாற 200 மணி நேரத்துக்கும் மேல் ஒன்றாகச் செலவழிக்க வேண்டியிருக்கிறது என்று ஜெஃப்ரி ஹால் என்ற ஆய்வாளர் 2018இல் மதிப்பிட்டார். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, மதிய உணவைப் பகிர்ந்து, ஒன்றாக நடந்து வீடு திரும்பும் இரண்டு மாணவிகளுக்கு அந்த நேரம் சில மாதங்களிலேயே கிடைத்துவிடும். கிளைக்குக் கிளை மாறுதலாகும் ஒரு வங்கி அதிகாரிக்கு அது எங்கே கிடைக்கும்? அலுவலகத் தோழிகளை அவரோடு ஒப்பிட்டு மதிப்பெண் போடாதீர்கள்.

ஆனால் அதே கணக்கு உங்கள் தோழிக்கும் பொருந்தும் என்பதையும் பாருங்கள். பழைய மணி நேரங்களை வைத்தே எத்தனை காலம் ஓட்டுவது? கொளத்தூருக்கும் காசிமேட்டுக்கும் நடுவில் ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டர்தான் இருக்கும். கடந்த ஆண்டு அவர் உங்கள் வீட்டுக்குப் பலமுறை வந்திருக்கிறார். நீங்கள் அவர் வீட்டுக்குப் போனது சங்கிலி கொடுக்க மட்டும்தான்.

இனிமேல் போக வேண்டியவர் நீங்கள். அவருக்கு நேரமே இருப்பதில்லை என்கிறீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாததால் ஏலக்கூடம் அடங்கியிருக்கும், அவருக்கும் ஓரளவு ஓய்வு கிடைக்கும். கையிருப்புக் குறைகிற காலமும் அதுதான் என்பதால், நீங்களாகப் பண உறையை நீட்டாதீர்கள். அவராகக் கேட்டால் தயங்காமல் கொடுங்கள், எப்போது திரும்பி வரும் என்று கேட்காதீர்கள். மகளையும் அழைத்துக்கொண்டு போய் ஒரு மதியம் முழுவதும் அங்கே இருங்கள், அவர் போடுவதைச் சாப்பிடுங்கள். தடைக்காலம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம், இந்த வாரமே ஒரு நாள் மாலையில் போய்வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் போகாதீர்கள். வாரத்தின் பெரிய வியாபாரம் அவருக்கு அன்றுதான், உங்களோடு உட்கார்ந்து பேச நேரம் இருக்காது.